பச்சைக் குழந்தையை எதில் தூங்க வைப்பது: பொசிஷனர், நெஸ்ட், கடுகுத் தலையணை, தூளி, வெறும் பாய்

தங்கைக்குக் குழந்தை பிறந்து 18 நாள் ஆகிறது. பாளையங்கோட்டையில் அம்மா வீட்டில் இருக்கிறாள். போன வாரம் பார்க்கப் போயிருந்தேன். கைக்குள் அடங்கும் ஒரு பிள்ளைக்கு அந்த அறையில் ஐந்து படுக்கைகள் காத்திருந்தன. உத்தரத்துக் கொக்கியில் அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையில் கட்டிய தூளி. நாத்தனார் ஆன்லைனில் வாங்கி அனுப்பிய, இரண்டு பக்கமும் உருளை வைத்த பொசிஷனர். மாமியார் தைத்துக் கொடுத்த கடுகுத் தலையணை. ஆபீஸ் தோழிகள் காசு போட்டு வாங்கித் தந்த, விளிம்பெல்லாம் பஞ்சு அடைத்த நெஸ்ட். அரசு ஆஸ்பத்திரிப் பெட்டகத்தில் வந்த சின்ன மெத்தையும் கொசுவலையும், பிரிக்காமல் அலமாரி மேல் கிடந்தன.

"அக்கா, இதுல எதுலதான் போட? ஒவ்வொருத்தரும் வீடியோ கால்ல வந்து, நான் குடுத்ததுல படுக்க வச்சியான்னு கேக்காங்க" என்றாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். குழந்தையைக் கையில் வைத்தபடியே சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தவள் அவள்.

இதே கேள்வியை இந்த மாதம் வேறு மூன்று அம்மாக்களும் எனக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்கள். அவளுக்கு அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

## முதலில், எதை வைத்து எடை போடுவது

இந்தப் பொருள்கள் எல்லாமே ஏதோ ஒரு பயத்தினால் வாங்கப்படுபவை. பால் கக்கினால் புரையேறிவிடுமோ என்று ஒரு பயம். தலை ஒரு பக்கம் சப்பையாகிவிடுமோ என்று ஒன்று. உருண்டு விழுந்துவிடுமோ என்று இன்னொன்று. இவற்றோடு, கையிலிருந்து இறக்கினதும் அழுகிறதே, நான் எப்போதுதான் தூங்குவது என்ற களைப்பு. நான்குமே நியாயமானவை. அதனால் எந்தப் படுக்கையையும் நான் இந்தக் கேள்விகளோடுதான் பார்க்கிறேன்:

- குழந்தை மல்லாந்து, சமமாகப் படுக்கிறதா? தாடை நெஞ்சில் போய் முட்டுகிறதா?
- மூக்குக்கு எட்டும் தூரத்தில் மெத்தென்று ஏதாவது இருக்கிறதா?
- குழந்தை நழுவினால், ஒரு பக்கம் சாய்ந்தால், குப்புறத் திரும்பினால் என்ன ஆகும்?
- எந்தப் பயத்துக்காக வாங்கினோமோ, அந்தப் பயத்தை அது உண்மையில் தீர்க்கிறதா?
- ராத்திரி இரண்டு மணிக்கு, வீட்டில் அத்தனை பேரும் அசந்து தூங்கும்போதும் அது பாதுகாப்பானதா?

கடைசிக் கேள்விக்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். பகலில் யாராவது ஒருவர் கண் வைத்திருக்கும்போது பல விஷயங்கள் ஆபத்தில்லாமல் போய்விடும். பிள்ளை வளர்ப்பதில் கஷ்டமான நேரம் ராத்திரி இரண்டு மணி.

குழந்தையின் உடம்பைப் பற்றியும் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். பிறந்த குழந்தையின் நீளத்தில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு தலைதான். அவ்வளவு கனமான தலையைத் தூக்கவோ திருப்பவோ கழுத்துக்குப் பலம் கிடையாது. மூச்சுக்குழாய் மெலிதாக, வளைந்துகொடுக்கிறதாக இருக்கும். தலை முன்னால் கவிழ்ந்து தாடை நெஞ்சில் பட்டால் அந்தக் குழாய் மடங்கிவிடும். துணியிலோ பஞ்சிலோ மூக்கு அழுந்தினால், விட்ட மூச்சையே திரும்ப இழுக்கும். நமக்கு அப்படி நடந்தால் திணறி எழுந்துவிடுவோம். முதல் சில மாதங்களில் குழந்தைக்கு அந்த விழிப்பு இன்னும் முழுசாக வந்திருக்காது. சத்தமே இல்லாமல் நடந்துவிடும் என்பதுதான் இதில் கொடுமை.

அடுத்தது புரையேறுதல். "மல்லாக்கப் போட்டா பால் மூச்சுல ஏறிடும், ஒருக்களிச்சுப் போடு" என்று நம் வீடுகளில் எல்லாரும் சொல்வார்கள். என் அம்மாவும் சொன்னார். உள்ளே இருக்கும் அமைப்பு இதற்கு நேர்மாறானது. குழந்தை மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். கக்கிய பால் மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டுமானால் மேல்நோக்கி ஏற வேண்டும். அதற்குள் குழந்தை விழுங்கிவிடும், இல்லை வாயோரமாக வழியவிட்டுவிடும். குப்புறப் படுக்கும்போது இது தலைகீழாகிறது. மூச்சுக்குழாய் கீழே போய்விடுவதால், கக்கிய பால் அதன் வாயிலேயே வந்து தேங்கும். பால் கொடுத்ததும் 15, 20 நிமிடம் தோளில் போட்டு ஏப்பம் விடவைத்து, பிறகு மல்லாக்கப் படுக்க வைத்தால் போதும்.

இது வெறும் ஏட்டுக்கணக்கும் இல்லை. குழந்தைகளைக் குப்புறப் போட வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 1992இல் சொன்னது. 1994இல் நாடு முழுக்கப் பிரசாரம் தொடங்கியது. காரணம் தெரியாமல் தூக்கத்திலேயே குழந்தை இறந்துபோவதைத் திடீர்ச் சிசு மரணம் என்கிறார்கள். 1990இல் அங்கே ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 130 என்று இருந்த அந்தக் கணக்கு, 2020இல் 38 அளவுக்கு இறங்கியிருந்தது. மருந்தும் ஊசியும் இல்லாமல், படுக்க வைக்கும் விதத்தை மாற்றியதே இந்த இறக்கத்துக்குப் பெரிய காரணம்.

## பொசிஷனர்: இரண்டு பக்கமும் அணை வைத்தது

சின்ன விரிப்பு, அதன் இரு பக்கமும் நகர்த்தி ஒட்டும் உருளைகள் அல்லது முக்கோண அணைகள். சிலவற்றில் தலைமாட்டில் மேடு, சிலவற்றில் இடுப்புக்குப் பட்டை. குழந்தை வைத்த இடத்தில் அசையாமல் இருக்கும் என்பதுதான் இதை வாங்கச் சொல்லும் காரணம்.

இது ஏன் சந்தைக்கு வந்தது என்பதில் ஒரு கதை இருக்கிறது. 1992இல் சொன்ன அறிவுரையில் மல்லாக்கவோ பக்கவாட்டிலோ போடலாம் என்றுதான் இருந்தது. பக்கவாட்டில் படுத்த குழந்தை அப்படியே நிற்காது, லேசாகச் சாய்ந்தாலே குப்புறப் போய்விடும். நிறுத்தி வைக்க ஒரு முட்டு வேண்டுமே! 2000இல் மல்லாந்த நிலையே மேல் என்றார்கள். 2005இல் பக்கவாட்டே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அறிவுரை மாறிப் போனது, முட்டு மட்டும் கடையில் தங்கிவிட்டது.

2010 செப்டம்பரில் அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையமும் உணவு, மருந்து நிர்வாகமும் சேர்ந்து, பொசிஷனரைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள் என்று பெற்றோருக்குச் சொன்னார்கள். அதற்கு முந்தைய 13 வருடத்தில் 12 குழந்தைகள் இவற்றில் மூச்சடைத்து இறந்திருந்தன. பெரும்பாலும் பக்கவாட்டில் வைத்த குழந்தை குப்புறத் திரும்பி, அணைக்கும் விரிப்புக்கும் நடுவில் முகம் சிக்கியதுதான் காரணம். திடீர் மரணத்தைத் தடுக்கும் என்று சொல்லிக்கொள்ளும் எந்தப் பொசிஷனருக்கும் அந்த நிர்வாகம் அனுமதி கொடுத்ததே இல்லை. 2017இல் மறுபடி எச்சரித்தார்கள். இங்கிலாந்தில் அதே வருடம் பெரிய கடைகள் சில இவற்றை அலமாரியிலிருந்தே எடுத்துவிட்டன. நம் ஊரில் இன்னும் பேபி ஷாப்பில் தொங்குகிறது.

எனக்கு இதைப் புள்ளிவிவரம் சொல்லித் தர வேண்டியதில்லை. என் மூத்தவனுக்குப் பத்து வாரம் இருக்கும்போது நானே வாங்கினேன். ஒருநாள் விடிகாலை நாலு மணி இருக்கும், பால் கட்டிக்கொண்டு மார்பு வலித்ததால் விழித்தேன். அவன் பால் கேட்டு அழுதிருக்க வேண்டிய நேரம், சத்தமே இல்லை. போன் வெளிச்சத்தில் பார்த்தால், காலை உதைத்து உதைத்துக் கீழே நழுவி, இடது பக்க உருளையில் மூக்கு அழுந்தக் கிடந்தான். நெற்றி வேர்த்திருந்தது. தூக்கினதும் நீளமாக ஒரு மூச்சு விட்டான். உருளையில் அவன் வாய் பட்ட இடத்தில் எட்டணாக் காசு அளவுக்கு ஈரம். அந்த ஈர வட்டத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. நான் எழுந்தது வலியினால், ஜாக்கிரதையினால் அல்ல.

எந்தச் சூழலில் இது நல்ல தேர்வு என்று யோசித்துப் பார்த்தேன். தூங்குவதற்கு ஒன்றுமே தோன்றவில்லை. மல்லாந்து படுத்த குழந்தைக்கு முட்டு தேவையில்லை. திரும்பக் கற்றுக்கொண்ட குழந்தையை முட்டு நிறுத்தாது, சிக்க வைக்கும்.

## நெஸ்ட், லவுஞ்சர்

படகு மாதிரி, சுற்றிலும் தடித்த விளிம்பு. படத்தில் அழகாக இருக்கும். அம்மாவின் மடி மாதிரி கதகதப்பு என்று எழுதியிருப்பார்கள். அந்த மெத்தென்ற விளிம்பும், உள்ளே அமுங்கும் அடிப்பாகமும்தான் இதன் குறை. அமெரிக்காவில் பாப்பி என்ற நிறுவனத்தின் லவுஞ்சர்களில் 2015 கடைசியிலிருந்து 2020 நடுவரை எட்டுக் குழந்தைகள் இறந்தன. 2021 செப்டம்பரில் முப்பது லட்சத்துக்கும் மேலான லவுஞ்சர்களைத் திரும்பப் பெற்றார்கள். அவை தூங்குவதற்காக விற்கப்பட்டவையே அல்ல. விழித்திருக்கும் குழந்தையைச் சற்று நேரம் படுக்க வைக்கத்தான். அழுத குழந்தை அதில் தூங்கிவிட்டால், எழுப்பி மாற்றிப் படுக்க வைக்க எந்தத் தாய்க்கு மனசு வரும்? அங்கேதான் விபத்து நடக்கிறது.

இதிலிருக்கும் மறைமுகச் செலவும் அதுதான். பகலில் வசதி, ராத்திரியில் பழக்கம். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடிக்கும்போது, குழந்தை முழித்துக்கொண்டு கை கால் ஆட்ட, நெஸ்ட் சரி. கண் சொருகியதும் வெளியே எடுக்க வேண்டும். அந்த உறுதி உங்களிடம் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். தங்கையிடம் அதைச் சோப்பு, நாப்கின் அடுக்கும் தட்டாக மாற்றிக்கொள்ளச் சொன்னேன். அப்படியே செய்திருக்கிறாள்.

ஒரு விஷயம் இங்கே சொல்லியாக வேண்டும். குறைமாதத்தில் பிறந்து ஐசியூவில் இருந்த குழந்தைகளின் பெற்றோர், "அங்கே நர்ஸம்மாவே டவலைச் சுருட்டிக் கூடு மாதிரி வச்சிருந்தாங்களே, சில நேரம் குப்புறக்கூடப் போட்டிருந்தாங்களே" என்று கேட்பார்கள். உண்மைதான். அங்கே ஒவ்வொரு மூச்சையும் எண்ணும் மானிட்டர் மாட்டியிருக்கிறது, ஓடிவர ஆள் இருக்கிறது. வீட்டில் இரண்டும் இல்லை. குறைமாதக் குழந்தைக்கு ஆபத்து மற்றக் குழந்தைகளைவிட அதிகம் என்பதால், அதற்குச் சமமான படுக்கையும் மல்லாந்த நிலையும் இன்னும் முக்கியம்.

## கடுகுத் தலையணையும் நடுவில் குழிவிட்ட தலையணையும்

கடுகு தலைக்கு ஏற்றபடி இடம் விட்டுக்கொடுக்கும், தலை உருண்டையாக வரும் என்று நம்பிக்கை. வடக்கே பரவலாக இருந்த வழக்கம், இப்போது நம் பக்கத்துக் கடைகளிலும் கிடைக்கிறது.

தலை சப்பையாவது பற்றிய கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மல்லாக்கப் போடும் வழக்கம் வந்த பிறகு பின்மண்டை தட்டையாகும் குழந்தைகள் கூடியது உண்மை. ஆனால் பெரும்பாலும் குழந்தை உட்கார, தவழத் தொடங்கியதும் அது தானே சரியாகிக்கொண்டு வரும். தலையணை அந்த வேலையைச் செய்யாது. தலையை ஒரு குழியில் நிறுத்தி, தாடையை முன்னால் தள்ளும். 2022 நவம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், தலை வடிவத்துக்கான தலையணைகளை எந்த மருத்துவக் காரணத்துக்கும் குழந்தைக்கு வைக்க வேண்டாம் என்று எச்சரித்தது. கடுகுத் தலையணையில் இன்னொன்றும் உண்டு. தையல் விட்டால் கடுகு சிதறும், அது மூக்குக்கும் வாய்க்கும் எட்டும் தூரம். ஒரு வயது முடியும்வரை தலையணையே வேண்டாம்.

தலைக்கு உண்மையிலேயே உதவுவது காசு செலவில்லாத மூன்று வேலைகள். முழித்திருக்கும்போது மட்டும், நம் கண்முன்னே, குழந்தையைக் குப்புறப் படுக்க வைப்பது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் நாட்களிலேயே தொடங்கலாம், தடவைக்கு மூன்று நிமிடம், நாளைக்கு இரண்டு மூன்று தடவை. ஏழு வாரத்துக்குள் நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம், அரை மணி என்று கூட்டிக்கொண்டு போகலாம். இரண்டாவது, தலைமாடு கால்மாட்டை நாள் விட்டு நாள் மாற்றிப் போடுவது. குழந்தை ஜன்னல் வெளிச்சத்தையோ அம்மா படுக்கும் பக்கத்தையோதான் பார்க்கும். திசை மாற்றினால் தலையும் திரும்பும். மூன்றாவது, பகலில் அதிக நேரம் தூக்கி வைத்திருப்பது. இவ்வளவு செய்தும் குழந்தை எப்போதும் ஒரே பக்கம்தான் தலையைத் திருப்புகிறது, மறுபக்கம் திருப்பினால் அழுகிறது என்றால், கழுத்துத் தசை இறுக்கமாக இருக்கலாம். அதற்கு டாக்டரிடம் போக வேண்டும், உடற்பயிற்சியில் நன்றாகச் சரியாகும். குளிப்பாட்டும் பாட்டி தலையை அழுத்தி உருட்டிவிடுவதும் வேண்டாம் என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

## சாய்வுப் படுக்கை

எதுக்களிக்கும் குழந்தைக்குத் தலைப்பக்கம் உயர்த்தி வைத்தால் நல்லது என்று மெத்தைக்கு அடியில் முக்கோண அணை வைக்கிறார்கள். கக்குவதை அது குறைப்பதில்லை. குழந்தைதான் சரிந்து கீழே வந்து தாடை மடங்கும். ஃபிஷர் பிரைஸ் நிறுவனத்தின் ராக் அண்ட் ப்ளே என்ற சாய்வுத் தொட்டில் 2009இலிருந்து பத்து வருடம் விற்பனையானது. 2019 ஏப்ரலில் 47 லட்சம் தொட்டில்களைத் திரும்பப் பெற்றபோது முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்திருந்தன. 2023இல் அந்த எண்ணிக்கை சுமார் நூறு என்று தெரிந்தது. எரின் மேனன் என்ற பொறியாளர் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்காகச் செய்த ஆய்வில், சாய்வில் படுத்த குழந்தையின் வயிற்றுத் தசை அதிகம் உழைப்பதும், அதனால் சீக்கிரம் களைத்துப்போகலாம் என்பதும் தெரியவந்தது. சாய்வு இருப்பதால் திரும்புவது சுலபம், திரும்பிய பிறகு மீள்வது கஷ்டம். 2022 மே மாதம் 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த குழந்தைப் படுக்கைகளை அமெரிக்காவில் சட்டம் போட்டே தடுத்துவிட்டார்கள்.

காரில் வைக்கும் இருக்கை, பவுன்சர், ஆடும் நாற்காலி எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். பயணத்தில் தூங்கினால் தூங்கட்டும். வீடு வந்ததும் எடுத்துச் சமமாகப் போட்டுவிட வேண்டும்.

## தூளி

இதைப் பற்றி எழுதத்தான் எனக்குக் கை தயங்குகிறது. தூளியைக் குறை சொன்னால் அம்மாவைக் குறை சொன்ன மாதிரி இருக்கும்.

"ஏட்டி, நீங்க ரெண்டு பேரும் இதுலதானே கிடந்தீங்க? இந்தச் சேலையிலதானே?" என்று அம்மா கேட்டார். உண்மைதான். தூளிக்குள் குழந்தை அடங்கிப்போவதை நானும் பார்த்திருக்கிறேன். வயிற்றில் இருந்தபோது சுருண்டிருந்த மாதிரியே சுருண்டு, ஆட்டத்தில் அழுகை நின்று, சேலை வழியாக வரும் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே கண் செருகும். சித்திரை வெயிலில் நாலு பக்கமும் காற்று. தரையில் ஊரும் எறும்பும் பூரானும் அண்டாது. செலவு ஒரு பழைய பருத்திச் சேலை.

அந்தச் சுருண்ட நிலையில்தான் சிக்கலும். தூளி எப்படிக் கட்டினாலும் நடுவில் தொய்யும். முதுகு வளைந்து, தலை முன்னால் சாயும். பக்கத் துணி முகத்தை ஒட்டி வரும். சில மாதம் ஆன பிள்ளை உள்ளே திரும்பினால் மூக்கு துணியில் பதியும், இல்லையென்றால் விளிம்புக்கு வந்து விழும். அமெரிக்காவில் ஆம்பி என்ற ஸ்பிரிங் தூளியில் இரண்டு குழந்தைகள் இப்படித் துணியில் அழுந்தி மூச்சடைத்து இறந்தன. 2009 டிசம்பரில் 24,000 தூளிகளைத் திரும்பப் பெற்றார்கள். நம் ஊரில் இன்னொரு விபத்தும் செய்தித்தாளில் வருகிறது. கைக்குழந்தைக்குக் கட்டிய சேலையில், யாரும் பார்க்காதபோது அக்காவோ அண்ணனோ ஏறிச் சுற்றி விளையாடி, கழுத்தில் முறுக்கிக்கொள்வது. வீட்டில் ஐந்து, எட்டு, பத்து வயதுப் பிள்ளை இருந்தால், குழந்தை இல்லாத நேரத்தில் சேலையை அவிழ்த்து மேலே சொருகிவிடுங்கள். இதை மட்டுமாவது செய்யுங்கள்.

அம்மாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: நாங்கள் தூளியில் கிடந்தோம், நீங்கள் விழித்திருந்தீர்கள். கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு கீரை ஆய்ந்தீர்கள். நீங்கள் எழுந்து போனால் ஆச்சி வந்து உட்கார்ந்தார். ஆச்சி அசந்தால் பெரியம்மா. தூளி என்பது சேலையும் கொக்கியும் மட்டும் கிடையாது, கயிற்றைப் பிடித்த ஆளும் சேர்ந்ததுதான். இன்றைக்குத் தங்கை திருப்பூருக்குத் திரும்பிப் போனதும் இரண்டு அறை வீட்டில் அவளும் மாப்பிள்ளையும்தான். ராத்திரி இருவருமே அசந்துபோவார்கள். அங்கே தூளி இருக்கும், கயிற்றைப் பிடித்த ஆள் இருக்காது. அந்த இடத்தில் இப்போது கரண்டில் ஆடும் தொட்டிலை வாங்குகிறார்கள். அது ஆட்டும், பார்க்காது.

அதனால் தூளியை ஒதுக்கச் சொல்ல நான் வரவில்லை. தூங்கப் பண்ண மட்டும் தூளி, தூங்குவதற்குச் சமமான இடம் என்று பிரித்துக்கொள்ளலாம். வழுக்கும் சிந்தெடிக் சேலை வேண்டாம், பருத்தி. தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் உயரம் வேண்டாம். கீழே ஜமுக்காளம். தொட்டில் கட்டை போட்டு வாயை விரித்து வைத்தால் முகத்தை ஒட்டாது. தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைகிறதா என்று பாருங்கள். முகம் தெரிய வேண்டும், ஆள் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். திரும்பத் தொடங்கிய பிள்ளைக்குத் தூளியை நிறுத்திவிட வேண்டும். மறைமுகச் செலவு ஒன்று: ஆட்டிப் பழகிய பிள்ளை ராத்திரி ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் ஆட்டத்தைத் தேடும்.

## அம்மா பக்கத்திலேயே, ஒரே படுக்கையில்

பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் நடப்பது இதுதான் என்பதால், கூடாது என்று ஒரே வரியில் முடிக்க எனக்கு விருப்பமில்லை. பால் கொடுக்கச் சுலபம். தாய்ப்பாலே திடீர் மரணத்துக்கு எதிரான ஒரு பாதுகாப்பு. ஆனாலும் ஒரே அறையில், கை எட்டும் தூரத்தில், தனி விரிப்பில் குழந்தை படுப்பதுதான் அதைவிட மேல். முதல் ஆறு மாதமாவது அப்படி இருக்கச் சொல்கிறார்கள்.

சில வீடுகளில் ஒரே படுக்கை கட்டாயம் கூடாது: பக்கத்தில் படுப்பவர் புகை பிடிப்பவர் அல்லது குடித்தவர், தாய் தூக்கம் வரும் மாத்திரை எடுக்கிறார், குழந்தை குறைமாதம் அல்லது எடை குறைவு. சிசேரியன் ஆன அம்மாக்கள் குனிய முடியாமல் சோபாவில் சாய்ந்து பால் கொடுப்பார்கள். அப்படியே கண் அசந்தால், சோபாவின் இடுக்குதான் எல்லாவற்றிலும் மோசமான இடம். தூங்கிவிடுவோம் என்று தோன்றினால் சோபாவைவிடக் கட்டில் பரவாயில்லை, அதையும்விடத் தரைப்பாய் நல்லது. கட்டிலைச் சுவரோடு தள்ளிப் போட்டால் விழாது என்று நினைப்போம். சுவருக்கும் மெத்தைக்கும் நடுவில் இருக்கும் சந்து, விழுவதைவிட ஆபத்து.

## வெறும் பாய், தட்டையான கெட்டி மெத்தை

கடைசியாக, யாரும் அன்பளிப்பாகக் கொடுக்காத படுக்கை. கோரைப்பாய், அதன் மேல் நாலாக மடித்த ஜமுக்காளம், ரப்பர் ஷீட், இழுத்துச் சொருகிய பருத்தித் துணி. அல்லது கையால் அழுத்தினால் குழி விழாத கெட்டி மெத்தை. அதன் மேல் குழந்தை, வேறு எதுவும் இல்லை. தலையணை இல்லை, உருளை இல்லை, பொம்மை இல்லை, போர்வை இல்லை. வசம்புக் கயிறும் கழுத்தில் வேண்டாம்.

அரசுப் பெட்டகத்தில் வந்த சின்ன மெத்தையைப் பிரித்துக் கையால் அழுத்திப் பார்த்தோம். குழி விழாமல் கெட்டியாக இருந்தது, அதுவும் சரிதான். குடை மாதிரி விரியும் வலைமெத்தை வாங்குகிறவர்கள் அதன் கூடவே வரும் தலையணையையும் பக்க உருளைகளையும் எடுத்துப் பரணில் போடுங்கள். வலை விறைப்பாக நிற்க வேண்டும், தொய்ந்து முகத்தில் விழக் கூடாது. எறும்புக்குப் பாயைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.

இதன் குறையையும் ஒளிக்காமல் சொல்கிறேன். கையிலிருந்து இறக்கினதும் குழந்தை திடுக்கிட்டுக் கை விரித்து அழும். முதல் இரண்டு வாரம் இது உங்களைப் படாதபாடு படுத்தும். நெஸ்ட்டும் தூளியும் விற்பதே இந்த அழுகையினால்தான். முதலில் கால், பிறகு இடுப்பு, கடைசியாகத் தலை என்று இறக்கி, நெஞ்சின் மேல் உள்ளங்கையை ஒரு நிமிடம் வைத்திருங்கள். துணி சுற்றுவது உதவும். மல்லாக்க மட்டும், இடுப்புக்குக் கீழே தளர்வாக, திரும்ப எத்தனிக்கும் முதல் நாளோடு நிறுத்தி விட வேண்டும். ஏசி அறையிலும் குல்லா வேண்டாம். குழந்தை சூட்டை வெளியே விடுவதில் தலைக்குப் பெரிய பங்கு உண்டு, குல்லா நழுவி முகத்தையும் மூடும்.

நாலு முதல் ஆறு மாதத்துக்குள் குழந்தை தானே திரும்பும். நீங்கள் மல்லாக்கப் போடுங்கள். மல்லாந்ததிலிருந்து குப்புறவும், குப்புறப் படுத்ததிலிருந்து மல்லாக்கவும் தானாகத் திரும்பத் தெரிந்த பிறகு, அது எப்படிப் படுத்தாலும் எழுந்து திருப்ப வேண்டியதில்லை. படுக்கை மட்டும் காலியாக இருக்கட்டும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| படுக்கை | எல்லாரும் தூங்கும்போது | விழித்திருப்பவர் பக்கத்தில் | மறைமுகச் செலவு |
|---|---|---|---|
| பொசிஷனர் | கூடாது | தேவையே இல்லை | பொய்யான தைரியம் |
| நெஸ்ட் | கூடாது | முழித்த குழந்தைக்குச் சரி | தூங்கினதும் எடுத்தாக வேண்டும் |
| கடுகுத் தலையணை | கூடாது | தேவையே இல்லை | கழுத்துப் பிரச்சினை கண்ணில் படாமல் தள்ளிப்போகும் |
| சாய்வுப் படுக்கை | கூடாது | சிறிது நேரம், பட்டை போட்டு | எதுக்களிப்பும் நிற்காது |
| தூளி | கூடாது | திரும்பத் தொடங்கும்வரை, கண்முன்னே | ஆட்டம் இல்லாமல் தூங்காது. பெரிய பிள்ளைகளுக்கு ஆபத்து |
| அம்மாவோடு ஒரே படுக்கை | தவிர்ப்பது நல்லது | பால் கொடுக்கும்போது சரி | தாய்க்கு ஆழ்ந்த தூக்கம் இல்லை |
| பாய், கெட்டி மெத்தை | இதுதான் | இதுதான் | முதல் வாரங்களின் அழுகை |

வாங்கிக் கொடுத்தவர்களை எப்படிச் சமாளிப்பது என்பது எந்த அட்டவணையிலும் வராது. தங்கை மாமியாருக்குப் போன் போட்டாள். "அத்தை, நீங்க தச்சுக் குடுத்த தலையணை ரொம்ப நல்லா இருக்கு. ஒரு வயசுக்கு அப்புறம்தான் தலையணை வைக்கணும்னு டாக்டர் கண்டிப்பாச் சொல்லிட்டாரு. பத்திரமா எடுத்து வச்சிருக்கேன்" என்றாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "கடுகுக்குப் பூச்சி வந்திரும், வேப்பிலை போட்டு வை தாயி" என்றார்.

அன்றைக்கு ராத்திரி அம்மாதான் பாயை விரித்தார். ஜமுக்காளத்தை மடித்து, சுருக்கம் இல்லாமல் கையால் தேய்த்து, மேலே துணியை இழுத்துச் சொருகினார். தூளியில் ஆட்டித் தூங்கப் பண்ணிய பேரனைக் கொண்டுவந்து மல்லாக்கக் கிடத்தினார். அவன் ஒருமுறை கையை விரித்துத் திடுக்கிட்டான். அம்மா நெஞ்சில் கை வைத்தார். அடங்கினான். தங்கை பக்கத்துப் பாயில், கை எட்டும் தூரத்தில், ஏற்கெனவே தூங்கியிருந்தாள்.